இபிஏபிஎக்ஸ் பாஸ்வேர்டை இந்த வாரமே மாத்திருங்க

நம்ம கஸ்டமர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ்ல இருக்கிற எல்லா போனையும் வெளி லைனோட இணைக்கிற மெஷின்தான் இபிஏபிஎக்ஸ், அதோட பாஸ்வேர்டைப் பத்தித்தான் இது.

போன மாசம் ஒரு திங்கக்கிழமை காலையில ஒரு ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க, எந்த லைனும் கிடைக்கல எல்லாம் பிஸியாவே இருக்குன்னு, போய் கால் ரெக்கார்டை எடுத்துப் பார்த்தா சனிக்கிழமை ராத்திரியில இருந்து விடாம ஐஎஸ்டி போயிருக்கு, ஆபீஸோ பூட்டிக் கிடந்துச்சு. போன் கம்பெனில கேட்டதுக்கு உங்க லைன்ல போன கால்தானே, நீங்கதான் கட்டணும்னு சொல்லிட்டாங்க. மனசு கேக்கல, அதான் எழுதுறோம்.

அங்க டிசா ஆன்ல இருந்துச்சு. வெளியில இருந்து ஆபீஸ் நம்பருக்கு அடிச்சு பாஸ்வேர்டு போட்டா டயல் டோன் வருமே, அதுதான். அதுல இருந்து எங்க வேணா பேசலாம், காசு ஆபீஸ் கணக்குல ஏறும். பாஸ்வேர்டு 1234.

சரி, யாருக்கும் தெரியாத நாலு நம்பர் வெச்சுக்கிறேன்னு சொல்வீங்க. நாலு இலக்கத்துல மொத்தமே 10,000 தான் சார். ஒண்ணுக்கு 10 செகண்டுன்னு மெஷின் ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தாக்கூட 28 மணி நேரத்துல முடிஞ்சிரும், நீங்க சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு பூட்டி திங்கக்கிழமை காலை 9 மணிக்கு திறந்தா நடுவுல 39 மணி நேரம் இருக்கு. அதே வேகத்துல ஆறு இலக்கம்னா 115 நாளுக்கு மேல ஆகும். அதனால குறைஞ்சது ஆறு, பிறந்த தேதியும் வேண்டாம், கடை நம்பரோட கடைசி இலக்கமும் வேண்டாம்.

இப்படி உள்ள நுழையுற திருடனுங்களுக்கு இதுல என்ன லாபம்னா, வெளிநாட்டுல சில நம்பருக்கு கால் வந்தா அந்த கட்டணத்துல ஒரு பங்கு நம்பர் வெச்சிருக்கவனுக்குப் போகும், அந்த நம்பருக்குத்தான் உங்க லைன்ல இருந்து அடிச்சுக்கிட்டே இருப்பானுங்க.

நெட்வொர்க் வழியா போன் ஓடுற ஐபி சிஸ்டம் வெச்சிருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும். ரவுட்டர்ல 5060 போர்ட்டை (நெட் வழியா போன் கால் வந்து போற வாசல்) திறந்து விட்டிருந்தா 100, 101, 102ன்னு எக்ஸ்டென்ஷனை வரிசையா தட்டிப் பார்க்கிற புரோகிராம் ராத்திரி பகல்னு ஓடிக்கிட்டே இருக்கும், நம்ம ஆளுங்க பாதிப் பேரு 101க்கு பாஸ்வேர்டும் 101னே வெச்சிருக்கோம். மெஷின் செட்டிங்கை மாத்துறதுக்கான புரோகிராமிங் பாஸ்வேர்டும் அப்படித்தான், கம்பெனில இருந்து வந்த பாஸ்வேர்டு மேனுவல்லயே அச்சடிச்சிருக்கு, அந்த மேனுவல் நெட்ல யாருக்கும் கிடைக்கும். வெளியூர்ல இருந்து கனெக்ட் பண்றவங்களுக்கு விபிஎன் (நெட்ல அவங்க மட்டும் வர்ற பூட்டின தனி வழி) போட்டுத் தர்றோம், போர்ட்டை திறந்து வைக்கவே வேண்டாம்.

டிசா யூஸ் பண்ணாதவங்க ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஐஎஸ்டி தேவையில்லன்னா போன் கம்பெனிலயே அதைத் தடை பண்ண எழுதிக் குடுத்திருங்க, நாங்க மெஷின்ல போடுற லாக்கை விட அது கெட்டி, ஏன்னா பாஸ்வேர்டு போனாலும் கால் போகாது. வாய்ஸ்மெயில் பாஸ்வேர்டு 0000னு இருந்தா அதையும் மறக்காம மாத்துங்க.

ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிற எல்லா இடத்துக்கும் நம்ம பசங்க இந்த மாசமே வருவாங்க, தனியா காசு கிடையாது. புது பாஸ்வேர்டை நீங்களே உங்க கையால போடுங்க, எங்க பசங்ககிட்டயும் சொல்ல வேண்டாம், நாங்க போன்ல கேட்கவும் மாட்டோம். யாராவது நம்ம பேரைச் சொல்லி கேட்டா கட் பண்ணிட்டு எங்க ஆபீஸுக்கு அடிங்க.

இப்படிக்கு,
உங்க இபிஏபிஎக்ஸ் சர்வீஸ்காரங்க