ராமநாதபுரமா, சென்னையா? அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

உனக்கு எம்.பி.பி.எஸ். இடம் இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது, மாநிலக் கவுன்சலிங்கில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, எம்.சி.சி. என்கிற மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழு நடத்தும் கவுன்சலிங்கில் சென்னைப் பக்கம் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று அக்கா போனில் சொன்னாள். வீட்டில் ஆளுக்கொரு பேச்சாம். உன் அப்பா நிலத்தை விற்கலாமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாராம். எனக்குத் தோன்றுவதை நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ ராமநாதபுரம் போ.

"நேற்று வந்த கல்லூரி" என்று சொந்தக்காரர்கள் சொல்வது உன் காதிலும் விழுந்திருக்கும். உண்மைதான். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசுக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆனால் நீ வாங்கப்போவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம். 1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கும் அதே பட்டம்தான். பி.ஜி. என்கிற மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் நீ எந்தக் கல்லூரி என்று பார்த்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. புதுக் கல்லூரியில் இதயம், நரம்பு போன்ற உயர்சிறப்புத் துறைகள் எல்லாமே இருக்காது. பேராசிரியர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள், சில மாதம் அந்த இடம் காலியாகவே கிடக்கும். வழிகாட்ட, படித்து முடித்துப் போன சீனியர் கூட்டமும் பெரிதாக இருக்காது. நீயே தேடிப் படிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் வார்டைப் பார். பெரிய, பழைய கல்லூரிகளில் நோயாளிக்கும் உனக்கும் நடுவில் மேற்படிப்பு மாணவர்களான பி.ஜி.க்கள் வரிசையாக நிற்பார்கள். நல்ல கேஸ் அவர்கள் கைக்குத்தான் போகும். படிப்பின் கடைசியில் பயிற்சி மருத்துவராக இருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு, ரத்த மாதிரி எடுத்த குழாய்களை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதே பாதி நாள் வேலை. புதிய கல்லூரிகளில் பி.ஜி.க்கள் குறைவு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வரும் கூட்டம் மட்டும் குறையாது. லேபர் வார்டிலும் கேசுவால்ட்டியிலும் உன்னைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரை ராத்திரி பதினோரு மணிக்குப் பாம்பு கடித்துவிட்டது என்று தூக்கி வருவார்கள். எந்தப் பாம்பு என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நீ இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். அப்புறம் மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, உடனே விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்பில் கழுவியதாக இருந்தாலோ நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றிவிடும். சரி, உறைந்துவிட்டது, அதோடு விட்டுவிடலாமா? முடியாது. நாகமோ கட்டுவிரியனோ கடித்திருந்தால் ரத்தம் நன்றாகவே உறையும். இமை சரிகிறதா, மூச்சு தடுமாறுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த 20 நிமிடமும் அவர் மனைவி உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குப் பழக வேண்டுமென்றால் அங்கே நின்றுதான் பழக வேண்டும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை நான் மட்டமாகச் சொல்லவில்லை. சிலவற்றில் அருமையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நாங்கள் படித்த காலத்தில் கண்ணால் பார்க்காத கருவிகள் இருக்கின்றன. உனக்கு மனம் அந்தப் பக்கமே இழுத்தால், கட்டடத்தையும் விடுதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஓ.பி.யில் போய் உட்கார். எத்தனை பேர் சீட்டு எடுக்கிறார்கள், வார்டில் எத்தனை படுக்கையில் ஆள் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணு. அதே கணக்கை ராமநாதபுரத்திலும் எடு.

அப்புறம் பணம். நிகர்நிலையில் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல். நாலரை ஆண்டுப் படிப்புக்குக் கட்டணம் மட்டுமே கோடியை நெருங்கும். விடுதி தனி. அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். நிலம் போவது மட்டுமல்ல என் கவலை. எம்.பி.பி.எஸ்.ஸோடு இந்தப் படிப்பு முடிவதில்லை. வீட்டில் கடன் நின்றால், முடித்த கையோடு ஏதாவது நர்சிங் ஹோமில் நைட் டியூட்டிக்குப் போவாய், பி.ஜி.க்குப் படிக்க நேரமே இருக்காது. குழந்தை மருத்துவம் பிடிக்கும் என்று பத்தாவதிலிருந்து சொல்கிறவள் நீ. கடைசியில் எந்தத் துறையில் சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்று பார்த்து எடுக்கும்படி ஆகிவிடக் கூடாது.

ஒரு விஷயத்தில் கவனம். எந்தச் சுற்றில் சேர்ந்தால் விலகலாம், எதில் சேர்ந்தால் விலக முடியாது, வைப்புத்தொகை எப்போது போகும் என்பதெல்லாம் இரண்டு கவுன்சலிங்குக்கும் தனித்தனி. இந்த ஆண்டுக் கையேட்டை நீயே வரிக்கு வரி படி. போன வருஷம் சேர்ந்தவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதே. அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கும் முன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்.

உன் அப்பாவிடம் நான் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். அதுவரை நிலத்துக்கு அட்வான்ஸ் எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவை.

அன்புடன்,
சித்தி