யாங்கியெலின் அறுந்த தந்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

போலந்துக் காவியம் 'பான் ததேவுஷ்' நேரடி இசையோடு மேடையேறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். 'பின்னணி இசை' என்று அதில் நாலைந்து இடத்தில் வந்ததுதான் உறுத்தியது. அந்தக் காவியத்தில் இசை பின்னணியில் இல்லை. கதைக்குள்ளேயே ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

பன்னிரண்டாம் பாகத்து விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதி நடத்தும் யூதர் யாங்கியெல், குச்சிகளால் தட்டி வாசிக்கும், நம் சந்தூர் போன்ற சிம்பாலியில் கைதேர்ந்தவர். கை முரடாகிவிட்டது, பெரியவர்கள் முன் கூச்சமாக இருக்கிறது என்று மறுக்கிறார். கல்யாணம் நிச்சயமான ஸோஷா ஒரு கையால் குச்சிகளை நீட்டி, மறு கையால் அவருடைய நரைத்த தாடியை வருடிக் கெஞ்சுகிறாள். அப்புறம்தான் போலந்தின் 1791 மே 3 அரசியல் சாசனத்தைக் கொண்டாடும் பொலோனேஸ் என்ற நடன இசை துள்ளிக் கிளம்புகிறது. நடுவில் திடீரென்று ஓர் அபஸ்வரம், கண்ணாடியில் இரும்பு உரசுவதுபோல. மறுபடியும் அதே. சுருதி கலைந்துவிட்டதா, கிழவர் தப்பாக வாசிக்கிறாரா என்று சபையே குழம்பும்போது, பழைய கோட்டையின் சாவிக்காரர் கெர்வாசி மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறுகிறார்: "இது தார்கோவித்சா!" அந்தச் சாசனத்தைக் கவிழ்க்க 1792-இல் ரஷ்யாவோடு சேர்ந்த பிரபுக்களின் கூட்டணி அது. உடனே தந்தி அறுகிறது.

சில வருடங்களுக்கு முன் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபில் வேலை பார்த்தேன். இந்தக் காவியத்தை எழுதிய மிட்ஸ்கியேவிச்சின் கையெழுத்துப் பிரதி இருக்கிற ஊர். அங்கே ஒரு சிறிய அரங்கில் ஒரு குழு இந்தப் பாகத்தை நடத்தியது. முதல் வரியிலிருந்து கீபோர்டு ஓயவே இல்லை. வரிக்கு 13 அசை, ஏழாவதில் ஒரு நிறுத்தம். அந்த நடையே தாளம், அது காதில் விழவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி வரிகளைக் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அபஸ்வரம் வரவேண்டிய இடத்தில் இனிமையாக எதையோ வாசித்தார்கள். பாட்டியின் உதடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் முணுமுணுக்கவில்லை.

கவிதை ஓடும்போது இசை சும்மா இருக்கட்டும். நாலாம் பாகத்தில், கரடி வேட்டை முடிந்து கொம்பு ஊதும் வோய்ஸ்கி என்ற பெரியவர் கொம்பை இறக்கிய பிறகும், அவர் இன்னும் ஊதுகிறார் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். ஒலிப்பது காட்டின் எதிரொலி. மேடையில் அந்த மௌனத்தை விட்டுவைக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

கட்டுரையாளர் தான் எழுதிய குழுவின் சிம்பாலி கலைஞரைப் பேட்டி எடுக்க வேண்டும். தந்தி அறுகிற இடத்தை அவர் எப்படி வாசிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்