வாசலில் நின்ற பாண்டியன்: பட்டிமன்ற நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டிமன்ற நடுவர்களுக்கும், பள்ளி, கல்லூரித் தமிழ் மன்றப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

"பாண்டியன் வீழ்ந்தது பொற்கொல்லனின் சூழ்ச்சியாலா, தன் குறையாலா?" சிலப்பதிகாரத்தை மேடையேற்றும்போதெல்லாம் நீங்கள் விரும்பி வைக்கும் தலைப்பு இது. இந்தத் தலைப்போடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

நான் பொற்கொல்லர் வீட்டுப் பெண். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளியில் இதே தலைப்பில் பட்டிமன்றம் நடந்தது. சூழ்ச்சி அணியில் பேசிய மாணவன், "தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்ற பழமொழியோடு ஆரம்பித்தான். கைதட்டல் அடங்கவே இல்லை. என் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நடுவராக இருந்த ஆசிரியரும் சிரித்தார்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். உமித்தணலுக்கு முன்னால் குனிந்து ஊதுகுழல் ஊதிக்கொண்டிருந்தவர், கதையை முழுசாகச் சொல் என்றார். பாடப் புத்தகத்தை எடுத்து வந்து வாசித்தேன். பழமொழியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டது ஒரே கேள்விதான். "ராஜா அப்ப எங்கம்மா நின்னான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கொலைக்களக் காதையிலேயே இருக்கிறது. நாடக மகளிரின் ஆடலில் மன்னன் மனம் போனதைக் கண்டு கோப்பெருந்தேவி ஊடுகிறாள். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். மன்னன் அவளைச் சமாதானப்படுத்தப் புறப்படுகிறான். அவளுடைய அரண்மனையின் காவல் வாயிலை அவன் எட்டும் நேரத்தில் பொற்கொல்லன் காலில் விழுந்து, அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் என்று கோவலனைப் பற்றிச் சொல்கிறான். ஆக, சிலம்புக்கு உரியவள் அந்த வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறாள். "சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி அந்தம்மா கையில கொடுத்திருந்தா முடிஞ்சு போச்சே" என்றார் அப்பா. பட்டறைக்கு நகை வந்தால் முதல் வேலை அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதுதான். பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டார். அவருக்கு அது தொழில் பழக்கம்.

மன்னனோ பார்க்கவில்லை. "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்று ஊர்க்காவலரை ஏவிவிட்டான். கொல்லக் கொண்டுவருக என்று சொல்ல நினைத்தவன் வாய் தவறிக் 'கொன்று' என்று சொல்லிவிட்டான் என்றொரு விளக்கம் உண்டு. இருக்கட்டும். கொல்லக் கொண்டுவரச் சொன்னாலும் தீர்ப்பு முன்னாலேயே எழுதியாகிவிட்டதே!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மன்னனை நம்ப வைக்கப் பொற்கொல்லனுக்குச் சில அடிகளே போதுமாக இருந்தன. காவலர்களிடம் அப்படி நடக்கவில்லை. கோவலனைப் பார்த்ததும் அவர்கள் "கொலைப்படு மகன் அலன்" என்கிறார்கள். அவர்களை மாற்ற அவன் படாத பாடு படுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையானவை எட்டு என அடுக்குகிறான். இளவரசனின் ஆரத்தைத் திருடிய ஒருவன் கதையையும் சொல்கிறான். அத்தனைக்கும் பிறகுகூட, வாளை வீசியவன் "கல்லாக் களிமகன் ஒருவன்" மட்டுமே. கூலிக்கு வேலை பார்த்த காவலனுக்கு வந்த தயக்கம் செங்கோல் பிடித்தவனுக்கு வரவில்லை. பொய் ஒன்றுதான், கேட்ட காதுகள்தான் வேறு.

பொற்கொல்லன் நல்லவன் என்று நான் வாதாட வரவில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். தன் திருட்டை மறைக்க வழிப்போக்கனின் உயிரைக் கொடுத்தவன். அந்தப் பாவம் அவனுடையது. ஆனால் உங்கள் கேள்வி கோவலனின் சாவைப் பற்றியது அல்லவே, மன்னனின் வீழ்ச்சியைப் பற்றியது.

'ஊழ்' என்று மூன்றாவது அணி கிளம்பும். "வினைவிளை காலம் ஆதலின்" என்று இளங்கோவடிகளே சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அதே வாக்கியத்தில் அடுத்த அடியில் "சினையலர் வேம்பன் தேரான் ஆகி" என்றும் சொல்கிறார். வேம்பன் என்றால் பாண்டியன். தேரான், அதாவது ஆராயாதவன். அந்த நேரத்தில் கண்ணகி அங்கே இல்லை. ஆய்ச்சியர் சேரியில் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். அப்புறம் அவைக்கு வந்தவள் மன்னனைப் பார்த்து முதலில் சொல்வது என்ன? "தேரா மன்னா." இளங்கோவடிகள் வாசலில் வைத்த சொல்லை அவள் அவையில் வந்து எடுக்கிறாள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சிலம்பு உடைகிறது, மாணிக்கப்பரல் தெறிக்கிறது. மன்னன் சொல்கிறான்: "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன், யானே கள்வன்." உங்கள் தலைப்புக்கு அவனே தீர்ப்பு எழுதிவிட்டான். கொல்லனை அவன் குறிப்பிடாமல் இல்லை. ஆனால் பழியைப் போடுவது கேட்ட தன் காதின்மேல். "கெடுக என் ஆயுள்" என்று உயிரையும் விடுகிறான். நான் அவனைப் பெரியவனாக நினைப்பது இதனால்தான். சூழ்ச்சிதான் காரணம் என்று அவனுக்காகப் பரிந்து பேசுபவர்கள், கடைசியில் அவன் சம்பாதித்த அந்த ஒரு பெருமையையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதை எந்த மேடையிலும் கேட்டதில்லை. நெடுஞ்செழியன் இறந்தபின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்கிறான். எப்படி? "பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று" என்கிறது சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரை. சிலம்பைத் திருடியது ஒருவன். செத்தது ஆயிரம் பேர். அவர்களில் எத்தனை பேர் என் அப்பாவைப் போல அன்றைக்குக் காலையில் ஊதுகுழலைக் கையில் எடுத்திருப்பார்கள்? பழி தன்னுடையது என்று ஒரு பாண்டியன் சொல்லிச் செத்தான். அடுத்து வந்தவன் அந்தப் பழியைத் தூக்கி ஒரு தொழில்காரர்கள் தலையில் வைத்துவிட்டான். ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கேட்ட கைதட்டல் அங்கே ஆரம்பித்தது என்றுதான் நினைக்கிறேன்.

உங்களிடம் கேட்பது அதிகம் இல்லை. தலைப்பை வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை, வையுங்கள். சூழ்ச்சி அணியும் பேசட்டும். ஆனால் 'தட்டான் புத்தி' என்று ஒருவர் ஆரம்பித்தால், சிரிக்காமல் மணியை அடியுங்கள். தீர்ப்புச் சொல்லும் முன் அந்த ஆயிரம் பேரைப் பற்றிய வரியையும் ஒருமுறை உரக்க வாசியுங்கள். கூட்டத்தில் பட்டறை வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம்.