மலாவியில் ஒரு காத்திருப்பு இல்லம்: நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், வெளியூர்களில் வாழும் எங்கள் ஊர் மக்களுக்கும் ஸ்தோத்திரம்.

திசையன்விளை வட்டாரத்தில் தேரி மணலும் பனையுமாகக் கிடக்கும், பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்திலிருந்து ஒரு சகோதரி ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் மிஷனெரியாக ஊழியம் செய்துவருவதை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் நர்ஸாகப் பணிபுரியும் திருச்சபை மருத்துவமனையில், பிரசவத்துக்கு நாள் பார்த்துக் காத்திருக்கும் பெண்களும் அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களும் தங்குவதற்கு ஓர் இல்லமும், அதையொட்டி ஒரு சமையல் கொட்டகையும் கட்டிக் கொடுக்க எங்கள் மிஷனெரி தாங்கல் குழு தீர்மானித்திருக்கிறது. மதிப்பீடு 18 லட்சம் ரூபாய். கையில் இருப்பது 5 லட்சத்து 40 ஆயிரம். மீதிக்காக உங்களிடம் வந்திருக்கிறோம்.

தொகையை முதலிலேயே சொல்லிவிட்டோம். கண்ணீர்க் கதையை நாலு பக்கம் படிக்க வைத்துவிட்டுக் கடைசியில் கணக்கு எண்ணை நீட்டும் வழக்கம் எங்கள் குழுவில் யாருக்கும் பிடிக்காது.

சகோதரி தம் பெயரையும் படத்தையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவை இதில் இல்லை. ஊருக்குள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பனையேறிக் குடும்பம். நர்சிங் படித்து, சில ஆண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்து, வீட்டுக் கடனை அடைத்து, தங்கையின் திருமணத்தையும் முடித்துவிட்டுத்தான் மலாவிக்குப் போனார். இதைச் சொல்லக் காரணம் உண்டு. மிஷனெரி என்றால் ஒரு கன்வென்ஷன் இரவில் அழைப்புப் பெற்று மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் என்று நம் பிரசங்கங்கள் நமக்குப் பழக்கிவைத்திருக்கின்றன. இவர் கடமைகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டுப் போனவர். எங்களுக்கு இவரிடம் மதிப்பு கூடியது அதனால்தான்.

அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். மலாவியின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நாம் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோயிலுக்குப் புறப்படும்போது அவர் அங்கே நாலரை மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறார். தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. முந்தின மாலையே தண்ணீர் பிடித்து வைத்திருக்க வேண்டும். அடிபம்பில் காலையில் கூட்டம் அதிகம். தமிழ் வேதாகமத்தில் அன்றைய சங்கீதத்தைத் தனியாக வாசித்துவிட்டு மருத்துவமனைக்கு நடக்கிறார். ஏழு மணிக்கு ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து சிச்செவா மொழியில் பாடி ஜெபிப்பார்கள். அந்த மொழியைப் பேசப் பழகவே அவருக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஜெபிக்கும்போது மட்டும் இன்னும் மனம் முதலில் தமிழில்தான் ஓடுகிறதாம்.

பிறகு வார்டு. பிரசவ அறையில் இத்தனை மணிக்கு வேலை முடியும் என்ற கணக்குக் கிடையாது. மின்சாரம் போய்விட்டால் தலையில் கட்டும் டார்ச் வெளிச்சத்தில் பிள்ளையை எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் குழந்தைகள் வார்டு மலேரியாவால் நிரம்பிவிடும்; அவருக்கே காய்ச்சல் வந்து படுத்திருக்கிறார். சாப்பாடு பெரும்பாலும் ‘ன்சீமா’. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறி எடுக்கும் களி. தொட்டுக்கொள்ளக் கீரை, பயறு, சில நாள் ‘உசிப்பா’ என்று அவர்கள் சொல்லும் பொடி மீன் கருவாடு. புளியமரம் மலாவியிலும் உண்டு என்பதால் அந்தக் கருவாட்டில் புளிக்குழம்பு வைத்துப் பார்த்திருக்கிறார். பக்கத்து வீட்டு நர்ஸ் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒரு குவளை தண்ணீர் குடித்தாராம்.

விசுவாசத்தைப் பற்றி அவர் அதிகம் எழுதுவதில்லை. ஒரு கடிதத்தில் மட்டும், சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து வெகுதூரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு தாயைப் பற்றி எழுதியிருந்தார். வந்து சேரத் தாமதமாகிவிட்டது. பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று இரவு தமக்கு ஜெபிக்கவே வரவில்லை என்றும், வார்டைப் பெருக்கும் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தமக்காக நெடுநேரம் ஜெபித்தார் என்றும், அதில் பாதிச் சொற்கள் புரியவில்லை என்றும் எழுதினார். மறுநாள் காலையிலும் நாலரைக்கே எழுந்து அன்றைய சங்கீதத்தை வாசித்திருக்கிறார். உள்ளத்தில் எதுவும் அசையவில்லை, ஆனாலும் வாசித்தேன் என்கிறார். ஜெபத்தில் கண்ணீர் வராவிட்டால் ஊழியம் வறண்டுவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் கடிதத்தை ஒரு முறை படிக்கலாம்.

இந்தத் திட்டம் அந்தக் கடிதத்திலிருந்து பிறந்ததுதான். மலாவியின் கிராமங்களில் தாய்மார்கள் நோவு கண்ட பிறகு புறப்பட்டால் பல நேரம் காலம் கடந்துவிடுகிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மழை. செம்மண் பாதைகள் சேறாகிவிடும். ஆகவே ஒன்பதாம் மாதம் தொடங்கியதுமே மருத்துவமனைக்கு வந்து தங்கிவிடும்படி அந்நாட்டில் சொல்கிறார்கள். வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. அம்மாவோ மாமியாரோ அக்காவோ கூட வருவார்கள். அங்குள்ள பெரும்பாலான மருத்துவமனைகளில் நோயாளிக்குச் சமைப்பது, துணி துவைப்பது, இரவில் பார்த்துக்கொள்வது எல்லாம் துணைக்கு வருகிறவரின் பொறுப்பு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்ளும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தங்க இடம் வேண்டுமே. இப்போது இருப்பது ஒரு பழைய கூடம். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தென் மலாவியைப் புரட்டிப்போட்டபோது அதன் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறார்கள். இடம் போதாமல் நிறைமாதப் பெண்கள் வராந்தாவிலும், கூட வந்தவர்கள் மரத்தடியிலும் படுக்கிறார்கள். சமையல் திறந்தவெளியில், மூன்று கல் அடுப்பில். மழை வந்தால் அன்றைக்குச் சோறில்லை. ஓரிரவு நனைந்த பெண்கள் சிலர், “செத்தாலும் வீட்டிலேயே சாகிறோம்” என்று திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கட்டப்போவது ஆடம்பரமான ஒன்றும் இல்லை. இருபத்துநான்கு கட்டில்கள் போடக்கூடிய, கொசுவலை மாட்டக் கொக்கி பதித்த கூடம், துணைக்கு வருகிறவர்கள் பாய் விரிக்க அகலமான மூடிய வராந்தா, புகைபோக்கி வைத்த எட்டு அடுப்புகள் கொண்ட கொட்டகை, நான்கு கழிப்பறைகள், கூரைத் தண்ணீரைச் சேர்க்க ஒரு தொட்டி, சோலார் விளக்குகள். செங்கல்லை உள்ளூர் மக்களே அறுத்துச் சூளை போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மணலும் கூலியில் ஒரு பங்கும் அவர்கள் பொறுப்பு. நாம் தர வேண்டியது சிமெண்ட், தகரம், மரம், கொத்தனார் கூலி ஆகியவற்றுக்கு. கடற்கரையே இல்லாத நாடு அது. வெளியிலிருந்து வரும் சரக்கெல்லாம் அண்டை நாடுகளின் துறைமுகங்களில் இறங்கி லாரியில் வர வேண்டும். சிமெண்ட் விலையைக் கேட்டு எங்கள் பொருளாளர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.

இனி, குழுக் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வி. உங்களுக்கும் எழுந்திருக்கும். மலாவியில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். அங்கே மிஷனெரி எதற்கு? கேட்டவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். பதிலும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இல் டோனாவூருக்கு வந்தபோது அங்கே சபை ஏற்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கோயில் இருந்தது, ஆராதனை நடந்தது. ஆனாலும் அவருக்கு அங்கே செய்ய வேலை இருந்தது. 1951-இல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகாமல் அதைச் செய்தார். மலாவியின் குறை வேறு மாதிரியானது. அந்நாட்டில் படித்த நர்ஸுகளில் பலர் சென்ற தலைமுறையில் பிரிட்டனுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம் பிள்ளைகளும் அதே காரணத்துக்காகத்தான் அதே விமானம் ஏறுகிறார்கள். எல்லாரும் விட்டுப் போகிற வாசல் வழியாக எங்கள் ஊர்ப் பெண் உள்ளே போயிருக்கிறார்.

‘நம் ஊரில் ஏழைகள் இல்லையா’ என்றும் சிலர் கேட்டார்கள். இருக்கிறார்கள். சேகரத்தின் உள்ளூர் உதவி நிதியிலிருந்து ஒரு ரூபாயையும் இதற்கு எடுக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி என்ற நம் இரு மாவட்டங்களும் வெள்ளத்தில் மிதந்த செய்தியைச் சகோதரி சொல்லக் கேட்டு, ஃப்ரெடி புயலில் தாங்களே வீடிழந்திருந்த அந்த மருத்துவமனைச் சபையார் மறு ஞாயிறு நமக்காகக் காணிக்கை எடுத்தார்கள். நம் பணத்தில் மாற்றினால் சில ஆயிரங்கள்தான். அதில்தான் நமது சேகரத்தின் இரண்டு வீடுகளுக்கு அரிசியும் பாயும் கிடைத்தன.

கொடுப்பது நம் சீமைக்குப் புதிதில்லை; வாங்கியதும் குறைவில்லை. ஜெர்மன் மிஷனெரி ரேனியுஸ் ஐயர் காலத்தில் டோனாவூரில் கோயில் கட்டப் பணம் அனுப்பிய ஜெர்மானியரான டோனா பிரபு அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. பாளையங்கோட்டையில் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் படித்துவரும் கல்லூரியின் பெயரில் இருக்கும் சாராள் டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது பின்னாளில் பேராயரான வெள்ளாளன்விளை அசரியாவும் தோழர்களும் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்கவில்லை. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார்கள். அப்படித்தான் நம் ஆட்கள் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்த நம் பாட்டிமாரின் கைகளும் இத்தகைய ஊழியங்களைத் தாங்கியிருக்கின்றன.

அந்தக் கைப்பிடி அரிசியை இந்தத் திட்டத்துக்காக மீண்டும் தொடங்குகிறோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சனிக்கிழமைதோறும் வீடு வீடாக வருவார்கள். அரிசியே இல்லாத வீட்டில் முருங்கைக்காய் கொடுக்கலாம், கருப்பட்டி கொடுக்கலாம். எல்லாம் தோத்திரப் பண்டிகை ஏலத்துக்குப் போகும். நம் ஏலத்தில் ஒரு நாட்டுக்கோழி முட்டை என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்தவர்கள் இதைச் சிறிய வழி என்று நினைக்க மாட்டார்கள். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் சேகர அலுவலகத்தில் எண்ணிட்ட ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் குழு உறுப்பினர் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். எங்கள் தலைவரே கேட்டாலும் சரி.

சில கண்டிப்பான விவரங்கள். வெளிநாட்டில் செலவாகும் பணம் என்பதால் இதற்கு வருமான வரிச் சலுகைச் சான்று தர இயலாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர்கள் எங்கள் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். அயல்நாட்டு நன்கொடை பெறும் அரசு அனுமதி எங்களிடம் இல்லை. அவர்கள் மருத்துவமனைக்கு நேரடியாக அனுப்பும் வழியை அலுவலகத்தில் கேட்டறியலாம். திரளும் தொகை வங்கி வழியாக, அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு, மருத்துவமனையின் கட்டடக் கணக்குக்கே போகும். சகோதரியின் கைக்குப் போகாது. அப்படி வைக்கச் சொன்னவரும் அவரே. பழைய சேலை, மருந்து, பாத்திரம் எதுவும் வேண்டாம். பெரிய அண்டா ஒன்றை ஒரு பெரியவர் ஆசையோடு கொண்டுவந்தார். அனுப்பும் செலவு அதன் விலையைப் போல் பல மடங்கு ஆகும் என்பதால், அவர் சம்மதத்தோடு அது அசன விருந்துச் சமையலுக்குப் போய்விட்டது.

பெயர்க் கல் வைக்கப் போவதில்லை. இதை முன்கூட்டியே சொல்வதால் சில பெரிய தொகைகள் வராமல் போகலாம் என்று குழுவில் ஒருவர் எச்சரித்தார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர் எழுதும் பழக்கத்தை நம் ஊரிலேயே நிறுத்த முடியாதவர்கள், மலாவிக்கும் அதை ஏற்றுமதி செய்ய வேண்டாம் என்று முடிவானது.

கால அவகாசம் குறைவு. மலாவியில் செங்கல் சூளை போடுவதும் சுவர் எழுப்புவதும் மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில்தான் நடக்கும். நவம்பரில் மழை இறங்குமுன் கூரை ஏற வேண்டுமானால் சிமெண்ட்டுக்கும் தகரத்துக்கும் உரிய பணம் ஆகஸ்ட் 15-க்குள் அங்கே சேர வேண்டும். அதற்குள் முழுத் தொகையும் திரளாவிட்டால் கூடத்தை மட்டும் முதலில் முடிப்பார்கள். கொட்டகையும் கழிப்பறைகளும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

மாதக் கடைசி ஞாயிறுதோறும் மாலை ஆராதனைக்குப் பின் பள்ளிக்கூடக் கட்டடத்தில் வரவு செலவு வாசிக்கப்படும். சகோதரி அனுப்பும் கடிதமும் கட்டடப் படங்களும் அப்போது காட்டப்படும். சபையில் அங்கத்தினர் அல்லாதவர்களும் பிற சமயத்தவரும் தாராளமாக வந்து கேள்வி கேட்கலாம்; இதுவரை கொடுத்தவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

ஊழியத்தில் உங்களோடு,
மிஷனெரி தாங்கல் குழுவினர்