கோழிகளின் தண்ணீரையும் கவனிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்போர், தீவனத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடத் தண்ணீருக்குக் காட்டுவதில்லை என்பதை வருத்தத்துடன் எழுதுகிறேன். வளர்ந்த கோழியொன்று சாதாரண நாளில் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். வியர்வைச் சுரப்பி இல்லாத அந்த உயிர் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்வதால், சித்திரை வெயிலில் அந்தத் தேவை இரு மடங்காகக்கூடும். கடந்த கோடையில் எங்கள் வீட்டு மண்சட்டி நண்பகலுக்குள் வற்றி, அடியில் எச்சமும் பச்சைப் பாசியும் மட்டுமே ஒட்டிக்கிடக்க, இரண்டு பெட்டைகள் அலகைத் திறந்தபடி வேலியோரம் சாய்ந்திருந்ததைப் பார்த்த பிறகே எனக்கும் இது உறைத்தது.

எச்சம் கலந்த நீர் வழியாக இரத்தக் கழிச்சல் போன்ற நோய்கள் குஞ்சுகளிடையே எளிதில் பரவுகின்றன. அகன்ற சட்டிக்குப் பதிலாக, தட்டின்மேல் கவிழ்த்துவைக்கும் தண்ணீர்க் குடுவையை, கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி நிழலில் வைத்து, நாள்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுப்பவர்கள், குளோரின் கலந்த குழாய்நீரைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்; மருந்திலுள்ள உயிருள்ள நுண்கிருமியை அது அழித்துவிடும்.

கோழிக்குஞ்சு வழங்கும் அரசுத் திட்டங்களில் ஒரு தண்ணீர்க் குடுவையையும் சேர்த்துத் தருமாறு கால்நடை பராமரிப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மணப்பாறை