அரைப் பேர் போட்டுக்கொண்டு வந்த அம்மாமாருக்கு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அம்மாமாருக்கும், அங்கே எங்களைத் தாங்கிய போதகர் ஐயாவுக்கும் உபதேசியாருக்கும், எங்களை அனுப்பிவைத்த பாளையங்கோட்டைச் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரமே ஒரு நன்றி மடல் எழுதினோம். எல்லாருடைய பெயரும் வரிசையாக இருந்தது, பெயருக்கு ஒரு நன்றி வீதம் போட்டிருந்தோம். ஜெபக்கூட்டத்தில் வாசித்துப் பார்த்தால் கல்யாண வீட்டு மொய்நோட்டு மாதிரி இருந்தது. போதாததற்கு, யாருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டுமோ அவர்களே அதில் இல்லை. அதனால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பெயர் எதுவும் போடப் போவதில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தன்னைத் தெரியும்.

நாங்கள் ஒன்பது பேர். இரண்டு டீச்சர்மார், ஒரு நர்ஸ், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி, கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், அப்புறம் நான். இலங்கையில் ஆகஸ்ட் மாதம் பள்ளிக்கூட விடுமுறை வரும் என்பதால் அந்த நேரம் பார்த்து ஐந்து நாள் வி.பி.எஸ் நடத்தப் போனோம். விடுமுறை வேதாகமப் பள்ளி என்று முழுப் பெயர் சொன்னால் நம் பிள்ளைகளே யாரையோ கூப்பிடுகிறோம் என்று நினைப்பார்கள்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷ அறுப்பின் பண்டிகையில் ஒரு கோழி ஏலத்துக்கு வந்தது நினைவிருக்கிறதா? எடுத்தவர் திருப்பிக் கொடுத்தார், மறுபடி ஏலம் போட்டோம், அவரும் திருப்பிக் கொடுத்தார். நாலு கை மாறி, ஒரு கோழி 4,700 ரூபாய் சம்பாதித்தது. கடைசியில் அது யார் வீட்டுக் குழம்பில் போய் முடிந்ததோ தெரியாது, ஆனால் ஒருவருடைய ரயில், வேன் செலவு அதில் போனது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்த சில்லறையை எண்ணவே ஒரு சாயங்காலம் ஆயிற்று. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் பழைய சேலைகளைக் கிழித்துப் பொம்மலாட்டத்துக்கு பொம்மை தைத்தார்கள். கோலியாத்துக்கு மட்டும் துணி பற்றாமல் வங்கி அண்ணாச்சியின் கரைவேட்டி ஒன்று போனது. அவருக்கு அது பிறகுதான் தெரியும். அண்ணாச்சி, அதற்கும் சேர்த்து நன்றி.

புறப்படுகிற ஞாயிற்றுக்கிழமை எங்களை முன்னால் நிறுத்தி ஜெபித்த ஐயா ஒரு பழைய கதை சொன்னார். பின்னாளில் பேராயரான நம் அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனாராம். அங்குள்ள கிறிஸ்தவர்கள் கடலுக்கு இந்தப் பக்கம், தொண்டிப் பகுதிக்கு மிஷனெரி அனுப்பி ஊழியம் நடத்துவதைப் பார்த்தாராம். இவர்கள் நம் ஊருக்கு ஆள் அனுப்புகிறார்கள், நாம் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறுத்தியது. மறுவருஷமே, 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. "நீங்க கொடுக்கப் போகலை, வட்டி கட்டப் போறீங்க" என்றார் ஐயா. சபையே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனாலும் உள்ளுக்குள் கொடுக்கப் போகிறோம் என்கிற நினைப்போடுதான் விமானம் ஏறினோம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மதுரையில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் கொழும்பு. அங்கிருந்து பதுளை ரயிலில் ஹட்டன், ஹட்டனில் இருந்து வேன். எங்கள் பெட்டிகளில் ஒன்று மட்டும் வழியில் எங்கோ இளைப்பாறிவிட்டு நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தது. கைவேலைச் சாமான்களில் பாதி அதற்குள் இருந்தது. அந்த மூன்று நாளும் தன் வகுப்புக்கு வாங்கி வைத்திருந்த கலர்ப் பென்சில்களையும் காகிதங்களையும் அலமாரி திறந்து அள்ளிக் கொடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சரை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததுகூடக் கிடையாது.

போகிற வழியில் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் வார்லி தேவாலயத்தைக் காட்டினார்கள். 1878-இல் துரைமார் காலத்தில் கட்டிய கல் கோயில், படம் எடுக்க அவ்வளவு அழகு. ஆனால் தோட்டத் தொழிலாளிகளுக்குத் தமிழில் வேதம் சொல்ல அதற்கும் முன்னாலேயே, 1854-இல், ஒரு மிஷன் தொடங்கியது. தமிழ்க் கூலி மிஷன் என்று பெயர். இன்று வாயில் வர மறுக்கிற பெயர். அதில் உபதேசிமாராகப் போனவர்களில் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் உண்டு. அவர்களுக்குக் கல் கோயிலும் கிடையாது, படமும் கிடையாது. மலைக்கு மலை நடந்தார்கள், அவ்வளவுதான். வேனில் உட்கார்ந்துகொண்டு கால் வலிக்கிறது என்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

போதகர் ஐயா, உங்களுக்கு நன்றி சொல்ல மூன்று காரியம் இருக்கிறது. முதல் போனிலேயே, ஊழியத்துக்கு வருகிறவர்கள் சுற்றுலா விசாவில் வரக்கூடாது என்று சொல்லி, அதற்குரிய கடிதங்களுக்காகக் கொழும்புக்கு அலைந்தீர்கள். எங்களுக்கு அப்போது அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. இரண்டாவது, பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளையையும் உட்கார வைக்கக் கூடாது என்றீர்கள். வந்த பிள்ளைகளில் பெரும்பாதி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். கதை கேட்கட்டும், பாடட்டும், விளையாடட்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வற்புறுத்தல் வேண்டாம் என்று வகுப்பு எடுக்கிறவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னீர்கள். மூன்றாவது அந்த மிட்டாய்ப் பை. தினமும் வருகிற பிள்ளைக்கு ஒரு சாக்லேட் என்று நாங்கள் திட்டம் போட்டிருந்தோம். நீங்கள் பையை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுச் சொன்னது எங்கள் ஒன்பது பேருக்கும் மனப்பாடம்: "இனிப்புக் காட்டிப் பிள்ளைகளக் கூப்பிட்டாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, நீங்க பிளேன் ஏறிருவீங்க. நாங்க இங்கதான் இருக்கணும்."

கடைசி நாள் அந்தச் சாக்லேட்டுகள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும், வந்தவர் வராதவர் பார்க்காமல், போய்ச் சேர்ந்தன. அதுவும் உங்கள் யோசனைதான்.

அறுபது பிள்ளைகளுக்குத் தயாரித்துப் போயிருந்தோம். முதல் நாளே நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். சின்னஞ்சிறு ஆலயத்துக்குள் கால் வைக்க இடமில்லை, வெளியிலோ விடாத தூறல். அப்போதுதான் தோட்டத் தலைவர் வந்தார். மாரியம்மன் கோயில் கமிட்டியிலும் அவர்தான் முக்கியமான ஆள். குறை சொல்ல வருகிறார் என்று நாங்கள் பயந்துகொண்டு நின்றோம். அவர் ஆலயத்து முற்றத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய், அம்மன் திருவிழாவுக்கு வைத்திருந்த பெரிய படங்கைப் பையன்கள் தலையில் தூக்கிவரச் செய்தார். படங்கு என்றால் அங்கே தார்ப்பாய். ஐந்து நாளும் ஜூனியர் வகுப்பு அதன் கீழேதான் நடந்தது. தலைவர் ஐயா, திருவிழாவுக்கு அது கிழிசல் இல்லாமல் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறோம்.

முதல் நாள் வணக்கம் சொன்னவன் நான். "உங்களுக்காக இந்தியாவில இருந்து வந்திருக்கோம்" என்று குரலை உயர்த்திச் சொன்னேன். முன் வரிசையில் ஒரு பையன் சாதாரணமாகச் சொன்னான்: "எங்க பூட்டனும் அங்கேருந்துதான் வந்தாராம்." 1823-இல் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோனதில் தொடங்கி இருநூறு வருஷக் கதை அது. கடல் தாண்டி மன்னாருக்கு வந்து, அங்கிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்கள், வழியிலேயே விழுந்தவர்கள். 2023-இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு அதே தடத்தில் மலையக மக்கள் நினைவு நடை நடந்தார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாமல் இல்லை. மைக்கைப் பிடித்ததும் மறந்துபோனது.

இரண்டாம் நாள் பாடம் நல்ல மேய்ப்பன். காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகிற கதையை நர்ஸ் அக்கா உருக்கமாகச் சொல்லி முடித்தார். ஒரு சிறுமி எழுந்து, "தேயிலைக்குள்ள போயிருந்தா யாராவது பிடிச்சுக் கட்டிப் போட்டிருப்பாங்க மிஸ், அபராதம் கட்டித்தான் மீட்கணும்" என்றாள். அபராதம் கட்டி மீட்கிற மேய்ப்பன்! இத்தனை வருஷம் பிரசங்கம் கேட்ட எங்களுக்கு இது தோன்றவில்லை. மறுநாள் பாடத்தை நர்ஸ் அக்கா அங்கிருந்தே தொடங்கினார்.

அன்றைய கைவேலை பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி. பாளையங்கோட்டை வெயிலில் அஞ்சு நிமிஷத்தில் காய்கிற பசை, ஆகஸ்ட் மாதத்துப் பொகவந்தலாவையில் சாயங்காலம் வரைக்கும் கஞ்சியாகவே இருந்தது. பஞ்செல்லாம் நனைந்த கோழி இறகு மாதிரி தொங்கியது. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. பிள்ளைக் காம்பராவை, அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை, பார்த்துக்கொள்ளும் அக்கா வந்து, ஒரு கொழுந்துக் கூடையில் நூற்றுச் சொச்சம் ஆடுகளையும் அடுக்கித் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். ஒரே காம்பரா வீடு, ஒற்றை அறை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கப்போட்டுக் காயவைத்திருக்கிறார். புகை தாங்காமல் வீட்டுக்காரர் திண்ணையில் படுத்தாராம். காலையில் ஒன்றுகூடக் குறையாமல் கூடை திரும்பி வந்தது. எல்லா ஆடும் பழுப்பு நிறம், எல்லாவற்றிலும் விறகுப் புகை வாசம். நான் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். இதை எழுதும்போது மேசைமேல்தான் இருக்கிறது, வாசம் இன்னும் போகவில்லை.

அட்டைக்கடிக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துவிட்ட தம்பிமாருக்கும், கொழுந்து லொறியில் எங்கள் மூட்டைகளை ஏற்றி இறக்கி டீசலுக்குக்கூடக் காசு வாங்காத அண்ணனுக்கும், தினமும் காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும் கொண்டுவந்த வீடுகளுக்கும் நன்றி. உலகத்துக்குத் தேயிலை அனுப்புகிற மலையில் வீட்டுக்கு மிஞ்சுவது தூள்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தத் தூளில் எங்களுக்கு மட்டும் பால்மா கலந்து வந்ததை மூன்றாம் நாள்தான் கவனித்தோம்.

இனி அம்மாமாருக்கு.

கடைசி நாள் பிள்ளைகள் பாடி நடிக்கிற நிறைவு விழாவை மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்தோம். ஏன் இரண்டு மணி? எங்களுக்கு மறுநாள் காலை ரயில், ராத்திரி மூட்டை கட்ட வேண்டும். அதைத் தவிர ஒரு காரணமும் இல்லை. "அம்மா அப்பாவைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க" என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னோம். நீங்கள் பதினொரு பேர் வந்தீர்கள். தலையில் கட்டிய துணியும் இடுப்பில் சுற்றிய படங்குத் துண்டும் அப்படியே இருக்க, பின் சுவரோரம் நின்று பார்த்தீர்கள். உட்காருங்கள் என்றதற்கு, உடுப்பு ஈரம் என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தீர்கள். தன் மகள் மனனவசனம் சொன்னபோது உதட்டை அசைத்துக் கூடவே சொன்ன அம்மாவை நான் பார்த்தேன். வீட்டில் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருப்பீர்களோ.

மறுநாள் ஹட்டன் ஸ்டேஷனில் எங்கள் கல்லூரிப் பெண் ஒருத்தி உபதேசியாரிடம், "நல்லவேளை, அம்மாமாரெல்லாம் வேலையை முடிச்சுட்டு வந்துட்டாங்க" என்றாள். அவர் சும்மா இருந்திருக்கலாம். "முடிக்கலம்மா. மத்தியான நிறுவையோட அரைப் பேர் போட்டுட்டு வந்தாங்க" என்றார்.

விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நிறுவை என்றால் எடுத்த கொழுந்தை எடை போடுவது. காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரிக்கிற வரிசையில், நின்று, நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கி, சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால்தான் அங்கே ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். பாதியில் வந்தால் அரைப் பேர். பதினொரு அரைப் பேர் சம்பளம் எங்கள் விழாவுக்கு யாரும் கேட்காமல் விழுந்த காணிக்கை. எங்கள் வரவு செலவு நோட்டில் அது எந்தப் பக்கத்திலும் இல்லை. ஈடு செய்யலாமா என்று ஊருக்கு வந்தபின் போதகர் ஐயாவிடம் போனில் கேட்டோம். விசாரித்துவிட்டு, "காசு அனுப்பினா கோவிச்சுக்குவாங்க" என்றார்.

ஆகவே அம்மாமாரே, நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறோம். நிறுவை நேரம் என்ன, வேலை எப்போது முடியும் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் நேரம் குறித்தது எங்கள் தவறு. அடுத்த தடவை எங்களுக்கு அழைப்பு இருந்தால் விழா சாயங்காலம் ஆறு மணிக்கு, நீங்கள் குளித்து வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும். ரயில் போனால் போகட்டும்.

மிச்சப்பட்ட பணத்தில் வசன அட்டைகளும் படப் பலகை ஒன்றும் வாங்கி அனுப்பியிருக்கிறோம். கோலியாத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், பிள்ளைகள் விடவில்லை.

இன்னொன்று. கடைசி லயத்துப் பாட்டி ஒருவர் எங்கள் கையில் மடித்த தாள் ஒன்று கொடுத்தார். தோட்டத்து மக்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப 1964-இல் இரு நாடுகளும் செய்த சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன அக்காவின் பெயரும், கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பழைய முகவரியும் அதில் இருக்கிறது. கடைசிக் கடிதம் வந்தே பல வருஷம் ஆயிற்றாம். "நீங்க இந்தியாதானே, பாத்தீங்கன்னா சொல்லுங்க" என்றார். அங்கிருந்து திரும்பி வந்தவர்களுக்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் இருக்கின்றன. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் உறவோ சபைத் தொடர்போ உள்ளவர்கள் எங்கள் சேகர அலுவலகத்துக்கு வந்தால் அந்தத் தாளைக் காட்டுகிறோம். வருகிற மாதம் நாங்கள் இரண்டு பேர் கூடலூருக்குப் போவதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒன்பது பேர் சார்பில்,
பாளையங்கோட்டையில் இருந்து