பாப்பாவுக்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்,
ஞாயிறு

பாப்பா,

நல்லா இருக்கியா? இந்த மாசமும் பணம் வந்து சேர்ந்துச்சு. இனி அனுப்பாதே, எனக்குப் பென்ஷன் போதும்.

காலையில எல்ஆர்டி ரயில்ல போய் பசார் செனி இறங்கி, லெபோ பசார் பெசார் பாலத்துக்குப் போனேன். நீ உட்கார்ந்து வரைவியே, அதே இடம். ஆத்துத் தண்ணி இன்னும் தே தாரேக் டீ நிறந்தான். இந்தக் கரையில மெடான் பசார் மணிக்கூண்டு. ஜார்ஜ் ராஜா பட்டம் ஏறினதுக்காக 1937-ல கட்டினது. அதுல சூரியக் கதிர் விரியுமே, அதை முறம்னு சொல்லி வரைஞ்சே. அந்தக் கரையில சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், 1897. ரெண்டு ஆறும் சேர்ற முனையில மஸ்ஜிட் ஜாமெக், 1909. சிவப்பும் வெள்ளையுமா அந்தப் பட்டைகளுக்கே உன் சிவப்புப் பென்சில் தீர்ந்துபோச்சு.

1881-ல தீயும் வெள்ளமும் ஒரே வருஷத்துல வந்து அத்தாப்பு ஓலை வீடுகளை அழிச்ச பிறகுதான் வெள்ளைக்கார அதிகாரி சுவெட்டன்ஹாம் செங்கல், ஓடு வச்சுக் கட்டச் சொன்னாரு. செங்கல் சுட்ட இடம் நம்ம பிரிக்பீல்ட்ஸ். இதைப் பள்ளியில பேசித்தானே முதல் பரிசு வாங்கினே? கோப்பை அம்மா வச்ச இடத்துலயே இருக்கு. வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவேன்.

தீபாவளிக்கு ரெண்டு நிமிஷம் பேசினே. தையும் பிறந்துடுச்சு. புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு வாட்சப்பில் இருந்தே, ஆபீஸ் லீவா? சும்மாதான் கேட்டேன். அண்ணன்கிட்ட கேட்டா, "நீங்களே கேளுங்கப்பா"ங்கிறான். வேளைக்குச் சாப்பிடு. பணம் அனுப்பாதே.

ஆர்க்கிடெக்ட் படிக்கணும்னு நீ கேட்டப்ப, பணம் இல்லைன்னு சொன்னேன். இருந்த பணம் பாப்பா அது. உனக்குன்னு அம்மா பேங்கில போட்டு வச்ச பன்னிரண்டாயிரம் வெள்ளி. நாலு நம்பர் லாட்டரியில விட்டேன். வாரம் மூணு நாளு, உன் பிறந்த தேதியையே எடுத்தேன். பெரியப்பாவுக்குக் கடன் கொடுத்ததா அம்மாகிட்ட சொன்னேன். கடைசிவரைக்கும் அப்படியே நம்பிட்டுப் போனா. பெரியப்பாகிட்ட முகம்கொடுத்துக்கூடப் பேச மாட்டா, ஞாபகம் இருக்கா? கணக்குப் படிச்சா சீக்கிரம் வேலைன்னு உன்னைத் தள்ளினது அதுக்கப்புறந்தான்.

வேலை இருந்தாலும் இல்லாட்டியும் அனுப்பாதே. நீ அனுப்பினது மொத்தமும் பேங்கில அப்படியே கிடக்கு, ஒரு வெள்ளி தொடலை. டிக்கெட் போடணும்னா அதுலயே போட்டுக்கலாம்.

இன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் முழிச்சிருப்பேன்.

அப்பா